மாப்பிள்ளை நாய், பெண் டிராகன்: கல்யாணத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் தம்பி 1982 ஆகஸ்டில் பிறந்தவன். அவனுக்குப் பார்த்திருக்கும் பெண் ஈப்போவைச் சேர்ந்த சீனப் பெண், பிறந்தது 10 பிப்ரவரி 1988. இரு வீட்டாருக்கும் சம்மதம். கல்யாண உடை வாடகைக்கு எடுத்த கடைக்காரர் தமக்குத் தெரிந்த ஒரு மாஸ்டரிடம், அதாவது சீன ஜோசியரிடம், அழைத்துப்போனார். சீனரின் ஆண்டு விலங்குக் கணக்கில் பெண் டிராகன், மாப்பிள்ளை நாய், இரண்டும் நேருக்கு நேர் மோதும் ஜோடி, மூன்று வருடத்தில் பிரிவு என்று அந்த மாஸ்டர் சொல்லிவிட்டார். பரிகாரத்துக்கு 3,800 வெள்ளி (ரிங்கிட்). 800 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டோம். பெண்ணின் சித்தி பயந்துபோயிருக்கிறார். எங்கள் மாமாவோ மாஸ்டர் சொன்னது சரிதான், யோனிப் பொருத்தத்திலும் நாய்க்குப் பகை உண்டு என்கிறார். என்ன செய்வது? (வாசகி, பேராக், மலேசியா)

பதில்: கல்யாணத்தை நிறுத்த வேண்டாம் அம்மா. மீதி 3,000 வெள்ளியையும் கொடுக்க வேண்டாம். சித்திக்குச் சொல்ல உங்களுக்குக் காரணம் வேண்டும் என்பதால்தான் இனி எழுதுவது.

டிராகனும் நாயும் மோதும் ஜோடி என்று மாஸ்டர் சொன்னதில் பொய் இல்லை. பன்னிரண்டு விலங்குகளை வட்டமாக நிறுத்தினால் எதிரெதிரே நிற்பவை மோதும் என்பது சீனர் மரபு. எலிக்குக் குதிரை, மாட்டுக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி. ஆறு வயது வித்தியாசம் இருக்கிற எந்த ஜோடியும் ஏறக்குறைய இதில் மாட்டும். உங்கள் தம்பி நாய் என்பதிலும் சந்தேகம் இல்லை. விலங்கு மாறுவது சீனப் பெருநாள் எனும் சீனப் புத்தாண்டு அன்று. 1982இல் அது ஜனவரி 25. ஆகஸ்டில் பிறந்தவர் எந்தக் கணக்கில் பார்த்தாலும் நாய்தான்.

சிக்கல் பெண்ணிடம் இருக்கிறது. அவர் டிராகன்தானா?

1988இல் சீனப் பெருநாள் பிப்ரவரி 17ஆம் தேதி வந்தது. அதற்கு முதல் நாள் வரை ஓடியது முயல் ஆண்டு. பெண் பிறந்தது 10ஆம் தேதி. ஆகவே சீனர் வீடுகளில் வழிவழியாக எண்ணும் கணக்கில் அவர் முயல். முயலும் நாயும் என்ன ஜோடி தெரியுமா? மோதல் இல்லை, ஆறு இணக்க ஜோடிகளில் அது ஒன்று. எலியும் மாடும், புலியும் பன்றியும், டிராகனும் சேவலும் என்று சொல்லிக்கொண்டே போகும் அதே பட்டியலில் முயலும் நாயும் கைகோத்து நிற்கின்றன. மூன்று வருடத்தில் பிரிவு என்று சொன்ன அதே மரபு, ஒரு வாரக் கணக்கைச் சரியாகப் பார்த்தால் ‘நல்ல ஜோடி’ என்று சொல்லும்.

பிறகு எப்படி டிராகன் ஆனார்? இரண்டு வழியாக ஆகியிருக்கலாம். முதல் வழி வெறும் சோம்பேறித்தனம். ஐசி (அடையாள அட்டை) எண் 880210 என்று தொடங்குகிறது, 88 என்றால் டிராகன், அவ்வளவுதான். சாப்பாட்டுக் கடை மேசையில் விரிக்கும் தாளிலும், இலவச நாள்காட்டியின் பின்பக்கத்திலும், கைப்பேசிச் செயலிகளிலும் ‘1988 டிராகன்’ என்றுதான் அச்சடிக்கிறார்கள். பெருநாள் எந்தத் தேதியில் வந்தது என்று பக்கத்தில் ஒரு வரி போட இவர்களுக்கு என்ன கேடு? ஜனவரியிலும் பிப்ரவரி முற்பகுதியிலும் பிறந்த எத்தனையோ பேர் தங்களுக்குச் சொந்தமில்லாத விலங்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அதிலும் டிராகன் என்றால் யாரும் திருத்திக்கொள்ள விரும்புவதில்லை. பன்னிரண்டில் கற்பனை விலங்கு அது ஒன்றுதான், மவுசும் அதற்குத்தான். சிங்கப்பூரில் 1987இல் பிறந்த குழந்தைகள் சுமார் 43,600. அடுத்த வருடம் டிராகன் என்றதும் ஏறக்குறைய 53,000.

இரண்டாவது வழி கொஞ்சம் நுணுக்கமானது. உங்கள் வழக்கு முழுக்க அதில்தான் தொங்குகிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

நம்மிடம் சூரியனை வைத்துச் சௌரமானம், சந்திரனை வைத்துச் சாந்திரமானம் என்று இரண்டு ஆண்டுக் கணக்கு இருப்பது போல சீனரிடமும் இரண்டு தொடக்கம் உண்டு. ஒன்று பெருநாள், அமாவாசையை வைத்து வருவதால் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கும். மற்றொன்று லிச்சுன் எனும் வசந்தத் தொடக்கம். சூரியனை வைத்து வருவதால் பிப்ரவரி 4ஐ ஒட்டியே நிற்கும். வீட்டு வழக்கம் பெருநாளைப் பார்க்கும். பாட்ஸி எனும் சீன ஜாதகம் கணிப்பவர்களில் பெரும்பாலோர் லிச்சுனைப் பார்ப்பார்கள். 1988இல் லிச்சுன் பிப்ரவரி 4 இரவு. ஆக அந்த இரவிலிருந்து 16ஆம் தேதி வரை பிறந்தவர்கள் வீட்டுக் கணக்கில் முயல், பாட்ஸிக் கணக்கில் டிராகன். உங்கள் பெண் அந்த இடுக்கில் பிறந்தவர்.

இந்த இடுக்கு ஒவ்வொரு டிராகன் ஆண்டிலும் ஒரே மாதிரி வராது. 1964இல் லிச்சுன் பிப்ரவரி 5, பெருநாள் 13. நடுவில் பிறந்தவர்களுக்கு இதே குழப்பம். 1976இல் தலைகீழ்: பெருநாள் ஜனவரி 31லேயே வந்துவிட்டது, லிச்சுன் பிப்ரவரி 5. நடுவே பிறந்தவர்கள் வீட்டில் டிராகன், பாட்ஸியில் முயல். 2012லும் அப்படியே, ஜனவரி 23 பெருநாள், பிப்ரவரி 4 லிச்சுன். 2000இல் லிச்சுன் பிப்ரவரி 4 இரவு, மறுநாளே பெருநாள். சில மணி நேர இடுக்குதான். 2024இல் லிச்சுன் பிப்ரவரி 4 மாலை 4.27, பெருநாள் 10ஆம் தேதி. அந்த ஆறு நாளில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளட்டும். இருபது இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு மாஸ்டர் அவர்களையும் தேடி வருவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்டர் லிச்சுன் கணக்கில்தான் பெண்ணை டிராகன் என்றார் என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய உரிமை. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லிச்சுன் பார்ப்பவர் பாட்ஸி பார்க்க வேண்டும். பாட்ஸி என்றால் ஆண்டு, மாதம், நாள், நேரம் என நான்கு தூண். தூணுக்கு இரண்டாக மொத்தம் எட்டு எழுத்து. ஆண்டின் விலங்கு அந்த எட்டில் ஒன்று. ஒருவரின் சுயத்தையும் துணையையும் நாள் தூணில்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். உங்களிடம் பெண் பிறந்த நேரத்தைக் கேட்டாரா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லையே. மாதத் தூணையாவது பார்த்தாரா? லிச்சுனிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை நடப்பது புலி மாதம். புலி, குதிரை, நாய் மூன்றும் நட்புக் கூட்டணி. ஆண்டில் டிராகன் நாயோடு மோதுகிறது என்று பயம் காட்டியவர், மாதத்தில் புலி நாயோடு தோளில் கைபோட்டு நிற்பதை ஏன் சொல்லவில்லை?

ஆண்டு விலங்கை மட்டும் வைத்துப் பேசுவதானால் வீட்டுக் கணக்கைப் பின்பற்ற வேண்டும்; பெண் முயல், சண்டை இல்லை. லிச்சுன் கணக்கு என்றால் எட்டு எழுத்தையும் விரித்துப் பார்க்க வேண்டும். ஆண்டு விலங்கு மட்டும் தீர்ப்புச் சொல்லாது. தொடக்கத்தை ஒரு பக்கம் எடுத்து, பலனை இன்னொரு பக்கம் எடுத்து ஒட்டுவது கணிப்பு ஆகாது. வியாபாரம். வாடிக்கையாளருக்கு எந்தக் கணக்கில் மோதல் வருகிறதோ அந்தக் கணக்கை எடுப்பார்கள். இணக்கம் வந்தால் விற்க என்ன இருக்கிறது?

விற்ற சரக்கையும் பார்ப்போம். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பட்டியலில் பிஷியூ எனும் சீனக் கற்பனை விலங்கின் ஒரு ஜோடி சிலை, மாப்பிள்ளைக்கு டிராகன் பதக்கம், சிவப்புக் கயிறு, ஒரு பூஜை. பிஷியூ பணம் சேரவும் சேர்ந்த பணம் நிற்கவும் வைப்பது. தம்பதி ஒற்றுமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டிராகன் பதக்கம் இன்னும் வேடிக்கை. நாய்க்கு டிராகன் ஆகாது என்று சொன்ன அதே வாயால் நாய் ஆண்டுக்காரர் கழுத்தில் டிராகனைத் தொங்கவிடச் சொல்கிறார்! அவருடைய சாத்திரத்தின்படியே பார்த்தாலும் நாய்க்கு இணக்கமான முயலையோ டிராகனுக்கு இணக்கமான சேவலையோ அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? கையில் மிஞ்சிக் கிடந்தது 2024இல் வாங்கிய டிராகன் சரக்காக இருக்கும், வேறென்ன. உடைக் கடைக்காரருக்கு இதில் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உடை, புகைப்படம், கேக், விருந்து மண்டபம், அதன் வாலாக ஒரு மாஸ்டர் என்று சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். கடையில் அளவு கொடுக்கும்போதே இரண்டு பேரின் பிறந்த தேதியையும் எதற்கு எழுதி வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த நாட்டில் முடி வெட்டும் கடை திறக்கக்கூட நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுக்க வேண்டும். பேருக்கு முன்னால் ‘மாஸ்டர்’ போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்தை நிறுத்த எந்தத் தேர்வும் வேண்டியதில்லை.

உங்கள் மாமாவுக்கு ஒரு வார்த்தை. யோனிப் பொருத்தத்தில் வரும் நாய் வேறு. அது நட்சத்திரத்தை வைத்து வருவது; திருவாதிரையும் மூலமும் நாய், அதற்குப் பகை அனுஷம், கேட்டையின் மான். டிராகன் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. பேர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிளற வேண்டாம். சீன விலங்கை ராசி என்று நினைப்பதால் வரும் வினை இது. நம்முடைய பிரபவ, விபவ போல அது ஆண்டோடு போகிற ஒன்று. பிரபவ ஆண்டில் பிறந்த பெண்ணுக்குத் துந்துபி ஆண்டு மாப்பிள்ளை ஆகாது என்று எந்த ஜோசியராவது ஓலையைத் திருப்பித் தந்திருக்கிறாரா? உங்கள் பக்கத்துக்கு நட்சத்திரப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்றால் அதைத் தனியாகப் பாருங்கள். டிராகனை மகரம் என்று பெயர் மாற்றி இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தருகிறேன் என்று ஒருவர் வருவார். அவரிடமும் போகாதீர்கள்.

இனி செய்ய வேண்டியவை. முதலில் பெண்ணின் அம்மாவிடமோ பாட்டியிடமோ, குழந்தைக்கு மாதம் நிறைந்து சிவப்பு முட்டை கொடுத்தபோது வீட்டில் எந்த விலங்கு என்று சொன்னார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டாம், பெண்ணே கேட்கட்டும். மாப்பிள்ளை வீட்டிலிருந்து கேள்வி வந்தால் அது வேறு மாதிரி காதில் விழும். பழைய மனிதர்களுக்குப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் பிறந்த பிள்ளை நன்றாக நினைவிருக்கும், அந்த நேரத்தில் வீட்டில் அவ்வளவு வேலை. ‘முயல்’ என்று பாட்டி சொல்லிவிட்டால் சித்தியின் பயம் அங்கேயே அடங்கும். நான் எழுதியதைவிட அந்த வார்த்தைக்குத்தான் அந்த வீட்டில் மதிப்பு.

‘டிராகன்’ என்றே பாட்டியும் சொன்னால்? மனம் தளர வேண்டாம். நாள் குறிப்பதில் சரிசெய்துகொள்ளலாம், அதற்குக் காசும் கிடையாது. சீனப் பெருநாள் சமயத்தில் மளிகைக் கடைகளில் சிவப்பு அட்டை போட்ட துங் சிங் பஞ்சாங்கம் விற்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலங்கு உண்டு, அந்த நாள் எந்த விலங்கோடு மோதும் என்றும் போட்டிருப்பார்கள். நாய், டிராகன், முயல் மூன்றில் எதனோடும் மோதாத நாளாகப் பாருங்கள். பன்னிரண்டு நாளில் மூன்று நாள் மட்டும் கழியும். மீதியில் கல்யாணத்துக்கு ஆகும் என்று குறித்த நாளைப் பெண் வீட்டாரே எடுக்கட்டும். பெண் முயலோ டிராகனோ, இரண்டுக்கும் பழுதில்லாத நாளாக அமையும். நம் பக்கத்தில் ஆடி முடிந்ததும் ஆவணியில் வைத்துவிடலாம் என்று துள்ள வேண்டாம். சீனரின் ஏழாம் மாதம் பெரும்பாலும் ஆவணியில்தான் விழும், பசித்த ஆவிகளின் மாதம் அது, பெண் வீட்டார் ஒப்ப மாட்டார்கள்.

முன்பணம் 800 வெள்ளி. ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். சிலை, பதக்கம் என்று பொருளின் பெயரும் கடை முத்திரையும் உள்ள ரசீது இருந்தால், பொருள் இன்னும் வரவில்லை, வேண்டாம், பணத்தைத் திருப்பித் தருக என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் விலை பேசிய செய்திகளை அழித்துவிடாதீர்கள். அங்பாவ் எனும் சிவப்பு அன்பளிப்பு உறையில் போட்டுக் கொடுத்திருந்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டம். அது காணிக்கை, விலை இல்லை என்பார்கள். இந்தத் தொழிலில் உறையில் போட்டுத் தரச் சொல்வதே அதற்குத்தான். அப்படியானால் 800 வெள்ளியோடு நிறுத்திக்கொண்டு, உடைக் கடைக்காரரிடம் உடையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.