கேட்டால் சொல்கிறோம்: வத்தத்தில் மாட்டிய படகு

கோடை விடுமுறை முடிந்த கையோடு வந்த கடிதங்களில் படகுச் சமாச்சாரம் மட்டும் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: மைத்துனரும் நானும் பங்கு போட்டுப் பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கினோம். 18 அடி நீளம், 5 அடி அகலம். 9.9 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். அமாவாசைக்கு மறுநாள் பெரியவர்கள் 6 பேர், பிள்ளைகள் 2 பேர், புளிசாதத் தூக்கு, ஐஸ் பெட்டி சகிதம் கோரையாறு வழியாக முத்துப்பேட்டை லகூனுக்குப் போனோம். திரும்பும்போது சேற்றில் தரைதட்டியது. ரிவர்ஸ் போட்டு முழு வேகம் கொடுத்தும் நகரவில்லை. ஐந்து நிமிடத்தில் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. மீனவர்கள் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். ஆழமான வாய்க்காலுக்கு வந்ததும் பின்பக்கம் அமிழ்ந்து, மோட்டாரும் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. மோட்டாரைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு நான்கு நாள் கழித்து மெக்கானிக்கிடம் காட்டினால், 70 ஆயிரம் ஆகும் என்கிறார். எங்கே தப்பு?
– மன்னார்குடி வாசகர்

பதில்: பாதிக் கேடு சேற்றில் நடந்தது. மீதிப் பாதி உங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது.

முதலில் தண்ணீர்க் கணக்கு. நம் கரையில் கடல் ஏறுவதும் (ஏத்தம்) வற்றுவதும் (வத்தம்) குஜராத் பக்கம்போல ஆள் உயரத்துக்கு இல்லைதான். ஆனால் லகூனில் பல இடங்களில் தண்ணீரே இடுப்பளவு தேறாது. அங்கே ஓரடி வற்றினால் மோட்டாரின் கால் தரையைத் தொட்டுவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏத்தமும் கூடுதல், வத்தமும் கூடுதல். அஷ்டமி, நவமி பக்கம் இரண்டும் குறைவு. நீங்கள் போனது அமாவாசைக்கு மறுநாள். ஒரு நாளில் இரண்டு ஏத்தம், இரண்டு வத்தம். ஏறி முடிந்து வற்றி முடிய ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அடுத்த நாள் அதே நிலை வர ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். காலண்டரில் போட்டிருக்கும் நேரம் கடற்கரைக்கானது. முகத்துவாரம் தாண்டி உள்ளே வர இன்னும் தாமதமாகும், ஆகவே துறையில் நிற்கும் மீனவரிடம் "இன்னிக்கு வத்தம் எப்ப?" என்று கேட்டுவிட்டுப் படகை அவிழ்ப்பதுதான் சரி. பாதி ஏத்தத்தில் கிளம்ப வேண்டும், உச்சம் தாண்டி வற்றத் தொடங்குமுன் திரும்பியிருக்க வேண்டும். ஏத்தத்தில் தரைதட்டினால் அரை மணி நேரம் பொறுத்தால் படகு தானாக மிதக்கும். வத்தத்தில் தட்டினால் ஒவ்வொரு நிமிடமும் நிலைமை மோசமாகும்.

தட்டிய உடனே மோட்டாரை அணைத்திருக்க வேண்டும். அவுட்போர்டு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் தண்ணீரை விசிறிக்கு (புரொப்பெல்லர்) சற்று மேலே இருக்கும் சல்லடைத் துளை வழியாகத்தான் இழுக்கிறது. அதை மேலே தள்ளுவது இம்பெல்லர் என்ற சின்ன ரப்பர்ச் சக்கரம். ரிவர்ஸில் முழு வேகம் கொடுத்தால் விசிறி சேற்றைக் கலக்கி, அந்தத் துளைக்கே ஊட்டிவிடும். துளை அடைபட்டால் ரப்பர்ச் சக்கரம் காய்ந்த நிலையில் சுழன்று, நிமிடக் கணக்கில்கூட இல்லை, வினாடிக் கணக்கில் கருகும். மோட்டாரின் பின்பக்கம் மூத்திரம் போவதுபோல ஒரு மெல்லிய தாரை பீய்ச்சும் அல்லவா, கண் எப்போதும் அதன்மேல் இருக்க வேண்டும். தாரை மெலிந்தாலோ, ஆவியாக வந்தாலோ, நின்றாலோ சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். துளையில் குப்பை என்றால் மெல்லிய நைலான் கம்பியால் குத்தி எடுக்கலாம். இம்பெல்லர் போயிருந்தால் மாற்றும் செலவு, இப்போது உங்களிடம் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் சில்லறை.

அணைத்த பிறகு மோட்டாரைத் தூக்கி மடக்க வேண்டும். படகின் மூக்கு சேற்றில் ஏறியிருந்தால் ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்னுக்கு நகர்ந்து, வந்த வழியே கழியால் ஊன்றித் தள்ள வேண்டும். பின்பக்கம் ஏறியிருந்தால் ஆட்கள் முன்னுக்கு. அலையாத்திச் சேற்றில் இறங்கித் தள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். முழங்காலுக்கு மேல் புதையும், சேற்றுக்குள் சிப்பி ஓடுகளும் மூச்சுவேர்க் குச்சிகளும் காலைக் கிழிக்கும்.

அடுத்து பாரம். சிறு படகுகளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நீளத்தை அகலத்தால் (இரண்டும் அடியில்) பெருக்கி 15ஆல் வகுத்தால் ஆட்களின் எண்ணிக்கை கிடைக்கும். உங்கள் படகுக்கு 18 × 5 ÷ 15 = 6. நீங்கள் 8 பேர், ஐஸ் பெட்டி தனி. படகின் அடித்தளத்தில் ஓரங்குலம் தண்ணீர் நின்றாலே சுமார் 120 லிட்டர் வரும். கணக்கில் இல்லாத இரண்டு பெரியவர்கள் ஏறிக்கொண்ட மாதிரி. அது ஓரிடத்தில் நிற்கவும் செய்யாது, இழுக்கத் தொடங்கியதும் முழுக்கப் பின்னுக்கு ஓடும். மோட்டார் எடை, பின்னால் உட்கார்ந்த ஆட்கள், ஓடிவந்த தண்ணீர் மூன்றும் சேர்ந்துதான் பின்கட்டை (மோட்டார் மாட்டும் பின்பலகை) அமிழ்ந்தது. இழுக்குமுன் தண்ணீரை இறைத்திருக்க வேண்டும், ஆட்களை மீனவர் படகுக்கு மாற்றியிருக்க வேண்டும். பின்கட்டையின் அடியில் இருக்கும் வடிகால் துளையின் தக்கை இறுக்கமாக இருந்ததா என்றும் பாருங்கள். ஓடும்போது அது தளர்ந்திருப்பது தெரியாது, நின்றால்தான் நிரம்பும்.

இனித் திண்ணை விவகாரம். உப்புத் தண்ணீரில் முழுகிய மோட்டாரை வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து காற்றும் உப்பும் சேர்ந்து பேரிங்கைத் தின்னத் தொடங்கும். ஓடாத நிலையில் முழுகியதால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. செய்ய வேண்டியது இது: நல்ல தண்ணீரால் மேலும் கீழும் கழுவி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்ற வேண்டும். பிளக் துளை கீழே பார்க்கும்படி மோட்டாரைப் படுக்க வைத்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்து, பழைய பெட்ரோலைக் கொட்டிவிட வேண்டும். பிளக் துளை வழியாக எண்ணெய் விட்டுச் சில முறை சுற்ற வேண்டும். புது பெட்ரோல் கலவை ஊற்றி (50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய்), இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் டிரம் தண்ணீரில் நிறுத்தி ஓடவிட வேண்டும். அதற்குள் முடியாதென்றால் மோட்டாரை மறுபடி நல்ல தண்ணீரிலேயே முழுக வையுங்கள். கேட்கக் கிறுக்குத்தனமாகத் தெரியும், ஆனால் காற்று படாத வரை துரு மெதுவாகத்தான் ஏறும். கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. கழுவ அதை எடுக்காதீர்கள், குழாயில் வரும் கொள்ளிடக் குடிநீரோ நல்ல குளத்துத் தண்ணீரோ எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுகியிருந்தால் மட்டும் கயிற்றை இழுக்கவே வேண்டாம். உள்ளே கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம், நேரே மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. அலையாத்திக் காடு காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் சொந்தப் படகில் நுழைந்தால் மோட்டார் செலவுக்கு மேல் வழக்கும் வரும்.

கேள்வி: படகு ஓடுகிறது, ஆனால் கியர் ஆயிலைத் திறந்தால் பால் டீ நிறத்தில் வருகிறது. ஏன்?
– தரங்கம்பாடி வாசகர்

பதில்: தண்ணீர் கலந்துவிட்டது. விசிறியைக் கழற்றிப் பாருங்கள். தண்டில் தூண்டில் நரம்போ அறுந்த வலைத் துண்டோ சுற்றியிருக்கும். அது உருகி இறுகி, ஆயில் சீலை (தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் காக்கும் வளையம்) வெட்டிவிடுகிறது. சீலை மாற்றி, ஆயிலை மாற்றி, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி திறந்து பாருங்கள். இப்படியே விட்டால் பல்சக்கரங்கள் போய்விடும். ஆற்றுப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு நரம்புக்குப் பதில் வெங்காயத் தாமரை. அது சீலை வெட்டாது, ஆனால் தண்ணீர்த் துளையை அடைக்கும்.

விசிறி சுற்றாமல் மோட்டார் மட்டும் கத்தினால் அது வேறு கோளாறு. கட்டையில் இடித்து, விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சின்னக் கம்பியான ஷியர் பின் முறிந்திருக்கும். பெரிய மோட்டாரில் ஷியர் பின்னுக்குப் பதில் விசிறியின் நடு ரப்பர் வழுக்கும், வேகத்தைக் குறைத்தால் மெல்லக் கரை சேரலாம். அளவான பின் இரண்டும், காட்டர் பின் நான்கும், ஒரு பிளையரும் எப்போதும் படகில் இருக்கட்டும். ஆணியை வெட்டிச் செருகாதீர்கள், பின் முறிவதே கியரைக் காப்பாற்றத்தான்.

கேள்வி: கொள்ளிடத்தில் பரிசலில் போய்வர, மணலிலேயே காரை நிறுத்தினோம். திரும்பி வந்தபோது சீட் வரை தண்ணீர். கரைக்கு ஓட்டிவிடலாம் என்று ஸ்டார்ட் செய்தேன், ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. எஞ்சினுக்குப் பணம் தர முடியாது என்கிறது இன்சூரன்ஸ். நியாயமா?
– திருவையாறு வாசகி

பதில்: பாலிசியின்படி பெரும்பாலும் அவர்கள் சொல்வதே நிற்கும். வெள்ளத்தில் சீட், ஒயரிங் கெட்டால் முழுக் காப்பீட்டில் வரும். ஆனால் நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் உடைந்தது 'பின்விளைவுச் சேதம்' ஆகிவிடும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அதற்கு வழி, அதிலும் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். நீங்கள் கேட்ட சத்தம் அதுதான்.

காவிரியும் வெண்ணாறும் தாங்காத உபரி நீரைக் கொள்ளிடத்தில்தான் தள்ளுவார்கள். மேட்டூர் 120 அடியைத் தொடும் காலத்தில், வானம் பளிச்சென்றிருந்தாலும், முக்கொம்பில் மதகு திறந்தால் மணல்திட்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். மணலில் கார் நிறுத்துவதே கூடாது. இனி ஒருமுறை இப்படி ஆனால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி படமெடுத்து, அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரியில் எடுங்கள்.

கேள்வி: படகுத் துறையில் கொடுக்கும் லைஃப் ஜாக்கெட்டை நம்பலாமா? ஐந்து வயது மகளுக்குப் பெரியவர்கள் அளவையே கொடுத்தார்கள்.
– கும்பகோணம் வாசகி

பதில்: போட்டு எல்லா பக்கிள்களையும் மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் குழந்தை தண்ணீரில் விழும்போது அதிலிருந்து நழுவிவிடும். தொடை வழியாக வரும் பட்டை இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஏற்றாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டை அழுத்திப் பார்த்து, உள்ளே இருக்கும் நுரை மறுபடி எழவில்லை என்றாலோ, தொட்டால் ஈரமாகக் கனத்தாலோ வேறு கேளுங்கள். புடவை கட்டியிருந்தால் முந்தானையை லைஃப் ஜாக்கெட்டுக்கு உள்ளே இடுப்பில் செருகுங்கள், சுடிதார் இன்னும் நல்லது. நீச்சல் குளத்துக் காற்றுவளையம் இங்கே வேலைக்காகாது. படகில் நின்று படமெடுக்க எல்லோரும் ஒரே பக்கம் போகவும் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்த விபத்தில் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று, பயணிகள் ஒரே பக்கம் கூடியதுதான்.

கேள்வி: தனியார் படகு கவிழ்ந்து, மகன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். சங்கிலியும் இரண்டு போன்களும் போயின. ரசீது தரவில்லை. எங்கே முறையிடுவது?
– பெயர் வேண்டாம், சீர்காழி

பதில்: ரசீது இல்லையென்றால் ஜிபே காட்டும் பணப்பதிவே ரசீது. படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண், துறையில் எடுத்த படம், உடன் வந்தவர்கள் பெயர் ஆகியவற்றை இன்றே எழுதி வையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான) ரசீது வாங்குங்கள். அதில் நகையும் போனும் பொருள்வாரியாக, போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு இருக்கட்டும். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சுருக்கமும் அசல் பில்களும் வேண்டும். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. நீங்கள் கேட்கும் இழப்பீடு எவ்வளவானாலும் கணக்கில் வருவது கொடுத்த கட்டணம்தான், படகுக்குக் கொடுத்தது சில நூறு ரூபாய் என்பதால் அதில் பயமில்லை. 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் மோட்டார் படகுக்குப் பதிவும் சர்வே சான்றிதழும் காப்பீடும் கேட்கிறது. அந்தப் பதிவு உண்டா என்று வக்கீல் நோட்டீஸில் முதலிலேயே கேளுங்கள். மீன்பிடிக்கும் படகில் சவாரி ஏற்றியிருந்தால் அதன் காப்பீடு உங்களுக்கு உதவுவது கடினம், இழப்பீடு படகு உரிமையாளரின் கைப்பணத்திலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

கேள்வி: கார் ரிமோட் சாவி உப்புத் தண்ணீரில் விழுந்தது. புதுச் சாவி விலை கேட்டால் தலை சுற்றுகிறது.
– வேதாரண்யம் வாசகர்

பதில்: பட்டன் பேட்டரியை உடனே எடுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, திறந்தபடி நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, புது பேட்டரி போடுங்கள். அரிசிப் பானை வேண்டாம், உப்பை அரிசி உறிஞ்சாது. பட்டன் ஸ்டார்ட் கார் என்றால், பேட்டரி செத்த சாவியையும் ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் பல மாடல்களில் எஞ்சின் கிளம்பும். கதவுக்குச் சாவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி செருகியிருக்கும். போனுக்கும் இதே அலசல்தான், சார்ஜர் மட்டும் செருகாதீர்கள். அடுத்த முறை படகில் ஏறுமுன் சாவியைக் கரையில் நிற்கிறவரிடம் கொடுத்துவிட்டு, நீர் புகாத பையில் ஒரே ஒரு போனை மட்டும் எடுத்துப் போங்கள். அதில் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 மூன்றும் பதிந்திருக்கட்டும்.