தவக்காலம்: பாதியில் விட்டவர்கள் கேட்கிறார்கள்

கேள்வி: இறைச்சி, காபி, சீரியல், வாட்ஸ்அப் நான்கையும் விடுவது, தினமும் ஜெபமாலை, பிள்ளைகளிடம் கோபப்படாமல் இருப்பது என்று ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று தீர்மானித்தேன். மூன்றாம் வாரத்துக்குள் எல்லாம் போயிற்று. இது பாவமா? இனி தொடங்கிப் பயன் உண்டா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: நீங்களாக எடுத்த தீர்மானம் வேறு, கடவுளுக்குச் செய்த நேர்ச்சை வேறு. தீர்மானம் தவறியதாலேயே அது பாவமாகிவிடாது. கத்தோலிக்கத் திருச்சபை கட்டாயமாக்கியிருக்கும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) ஆண்டுக்கு இரண்டே நாள்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. காபியை விடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.

திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய சனி வரை 46 நாள். ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் 6 ஞாயிறுகளைக் கழித்துத்தான் 40 வருகிறது. முதல் ஞாயிறிலிருந்து எண்ணி மூன்றாம் வாரம் முடிந்தாலும், ஞாயிறு நீங்கலாக 18 நாள் மிச்சம் இருக்கிறது. தாராளமாகத் தொடங்கலாம், ஆனால் பழைய பட்டியலோடு வேண்டாம். காபியைத் திடீரென நிறுத்தினால் பலருக்குத் தலைவலியும் எரிச்சலும் வரும். அதே வாரத்தில் கோபத்தையும் விடுகிறேன் என்றால் எப்படி நடக்கும்? காபியைக் குடியுங்கள். கோபத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் ஒரு முறை சொல்கிறார். ஒரு தாளில் நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு ஜோடி போடுங்கள். காலையில் எழுந்ததும், இன்று இந்த ஒரு குறையில் கவனமாயிருப்பேன் என்று தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பின், எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாக நினைத்துப் பார்த்து, தவறிய தடவைக்கு ஒன்றாக மேல்கோட்டில் புள்ளி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கீழ்க்கோட்டில். தவறும் அந்தக் கணத்திலேயே நெஞ்சில் கை வைத்து வருந்தச் சொல்கிறார். நாலு பேர் நடுவில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. கீழ்க்கோட்டை மேல்கோட்டோடும், இன்றை நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும்.

பலர் மதியத்தை விட்டுவிட்டுப் படுக்கையில் போய்க் கணக்குப் பார்ப்பார்கள், பாதியில் தூங்கிவிடுவார்கள். புள்ளி பக்கத்தில் மணியையும் குறித்து வையுங்கள். எல்லாம் காலை ஏழரையைச் சுற்றியே விழுந்தால், மாவு, காய், சீருடை முதல் நாள் இரவே தயாராக இருக்கட்டும். இதுவும் தவம்தான். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யக் கிளம்பாதீர்கள். மறுபடி முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: ஜெபத்தில் உட்கார்ந்தால் மனம் வறண்டு கிடக்கிறது. ஈஸ்டர் வரை நிறுத்தி வைக்கலாமா?
(வாசகர், திருச்சி)

பதில்: கூடாது. மனம் வறண்டிருக்கும்போது, நல்ல நிலையில் எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. குறித்த நேரத்தைக் குறைக்கத் தோன்றினால் சற்றே கூட்டச் சொல்கிறார். நீங்கள் 15 நிமிடம் வைத்திருந்தால் 16 நிமிடம் இருங்கள். கூடவே, நேரம் மாறிவிட்டதா, தூக்கம் குறைந்ததா என்று பாருங்கள். நம் அசட்டையும் வறட்சிக்கு ஒரு காரணம் என்று அவரே சொல்கிறார். சொந்த வார்த்தை வராவிட்டால் பைபிளில் உள்ள திருப்பாடல் 88-ஐ மெதுவாக வாசியுங்கள். கடைசி வரி வரை இருளிலேயே இருக்கும் பாடல் அது. அதையும் ஜெபமென்றுதான் திருச்சபை வைத்திருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போதும்) அதே பாவத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: சொல்லுங்கள். எத்தனை தடவை, எந்தச் சூழலில் என்பதையும் சேர்த்துச் சொன்னால் குருவானவர் பொதுவாகப் புத்தி சொல்லாமல் உங்களுக்கான வழியைச் சொல்ல முடியும். இனிச் செய்வதில்லை என்ற உறுதி இப்போது மனதார இருந்தால் போதும். இனித் தவறவே மாட்டேன் என்ற உத்தரவாதத்தை யாரும் கேட்கவில்லை.

கேள்வி: வயது 62, சர்க்கரை நோய். ஒருசந்தி இருந்து மயக்கம் வந்து பாதியில் விட்டேன்.
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: ஒருசந்திக் கடமை 18 வயதில் தொடங்கி 59 முடிவதோடு தீர்ந்தது. சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) மட்டும் 14 வயதிலிருந்து வாழ்நாள் முழுதும் உண்டு. அந்த வயதைத் தாண்டியிராவிட்டாலும் நோய் உங்களுக்கு விலக்குத் தரும். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். வேளை தவறாமல் சாப்பிடுங்கள். பெரிய வெள்ளியன்று இறைச்சியை மட்டும் விடுங்கள். பண்டம், பலகாரத்துக்கு வைத்திருந்த காசு ஏழைகளுக்குப் போகட்டும். சர்க்கரை இல்லாத டீயை ஒறுத்தல் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது டாக்டர் சொன்னது.