ஆப்பரேஷன் முடிந்தும் அம்மாவை ஏன் இன்னும் வார்டுக்கு அனுப்பவில்லை?

"உள்ளே நர்ஸுகள் சும்மாதான் நிற்கிறார்கள்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, ஆப்பரேஷன் முடிந்தவர்களை மயக்கம் தெளியும்வரை பார்த்துக்கொள்ளும் அறையில் அந்தச் சும்மா நிற்கிற நர்ஸ் வேலையைத்தான் ஓய்வு பெறும்வரை செய்தேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மருத்துவமனைப் பெயர் வேண்டாம்.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்திருப்பீர்கள். அம்மா தூங்குவதுபோல் தெரிந்திருக்கும்.

எங்கள் தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டி ஒருவருக்குப் பித்தப்பை ஆப்பரேஷன். மாஸ்க்கில் ஆக்சிஜன் ஓடுகிறது, விரலில் மாட்டிய மீட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 97 சதவீதம். மகன் கதவருகே வந்து, "மிஸ்ஸி, அம்மா நல்லா குறட்டை விட்டுத் தூங்குறாங்க, எழுப்பாதீங்க" என்றார். எனக்கு அந்தக் குறட்டைதான் பிடிக்கவில்லை. மயக்கம் தெளியாதபோது நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். தாடையை இரண்டு பக்கமும் பிடித்து முன்னால் தூக்கினேன், சத்தம் நின்றது. நெஞ்சில் கை வைத்து எண்ணினால் நிமிடத்துக்கு 7 மூச்சுதான். ஆக்சிஜன் ஓடும்வரை மீட்டர் பெரும்பாலும் நல்ல அளவையே காட்டும். மூச்சு குறைந்து கரியமில வாயு ஏறுவது அதற்குத் தெரியாது. வலிக்குப் போட்ட மார்ஃபின் செய்த வேலை. மயக்க மருந்து டாக்டர் ஓடி வந்து, மார்ஃபினை முறிக்கிற நலாக்ஸோன் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பாட்டி கண்ணைத் திறந்ததும், "தாடை வலிக்குது, யாரு புள்ள புடிச்சு இழுத்தது?" என்றார்.

விழித்துவிட்டாரே, அனுப்ப வேண்டியதுதானே? முடியாது. நலாக்ஸோனின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும், மார்ஃபின் உடம்பில் இருக்கும், மூச்சு மறுபடி படுக்கலாம். அதனால் பிடித்து வைத்திருந்தோம். மகனுக்கு என்மேல் கோபம்தான்.

எப்போது அனுப்பலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. ஆல்ட்ரெட் என்ற டாக்டர் 1970இல் கொண்டுவந்தது. கைகால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, ஆக்சிஜன் அளவு (ஆரம்பத்தில் இதற்குப் பதில் தோலின் நிறம்) ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2 மதிப்பெண். பொதுவாக மொத்தம் பத்துக்கு 9 வந்தால்தான் வார்டு. மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். டாக்டர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் பாடம் நடத்தவில்லை. போனை நோண்டிக்கொண்டு நிற்கிற நர்ஸுகளே இல்லை என்றும் சொல்லவில்லை.

தாமதமானால் கதவைத் தட்டி, "மூச்சு எப்படி இருக்கு, வலிக்கு என்ன போட்டீங்க" என்று கேளுங்கள், சொல்வார்கள்.

அப்புறம், சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் டாக்டருக்குப் பொன்னாடை, தலைவருக்குப் பொன்னாடை, பந்தல் போட்டவருக்குக்கூடப் பொன்னாடை. என்னைக் கூப்பிட்டால் அன்னதானத்தில் சாம்பார் ஊற்றத்தான்.