40 எப்படி 8 ஆனது?

கேள்வி: சி நிரல் மொழியில், 10 முழு எண்கள் கொண்ட அர்ரேயின் (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) அளவை நிரல் தொடங்கும் மெயினில் கேட்டால் 40 பைட் என்கிறது, ஃபங்ஷனுக்கு (நிரலின் தனிப் பகுதி) அனுப்பி அங்கே கேட்டால் 8 என்கிறது. அர்ரேயும், நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயிண்டரும் ஒன்றுதானே?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ஒன்றே அல்ல, அம்மா! இந்தத் தவறான பாடம் இன்னும் வகுப்புகளில் ஓடுவது எனக்கு மிகுந்த வருத்தம். உங்கள் அர்ரே, 4 பைட் வீதம் அடுத்தடுத்து அமைந்த 10 இடங்கள். ஃபங்ஷனுக்கு அவை போவதில்லை; முதல் இடத்தின் முகவரி மட்டுமே போகிறது. 64 பிட் கணினியில் அதற்கு 8 பைட். ஃபங்ஷன் தலைப்பில் சதுர அடைப்புக்குள் 10 என்று எழுதினாலும், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் அதைப் பாயிண்டராகவே கொள்ளும். எண்ணிக்கையைத் தனியே அனுப்புங்கள்.

சி மொழிக்கு முந்தைய பி மொழியில் அர்ரேயின் முகவரியை வைக்கவே தனி இடம் இருந்தது. பெல் ஆய்வகத்தின் டென்னிஸ் ரிட்சி சி மொழியில் அதை நீக்கினார். அதனால்தான் அர்ரே பெயருக்குப் புது முகவரி தர முடியாது, பாயிண்டருக்குத் தரலாம்.