சாயம் ஏறியது சரி, எதில் ஏறியது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "ஆன்டிபாடியில் சிவப்பு என்ஹெச்எஸ் சாயம் (புரதத்தோடு தானே பிணையும் ஒளிர் சாயம்) இணைத்தேன், வடிகட்டும் காலத்தில் (column) ஓடவிட்டு மிச்சச் சாயத்தையும் நீக்கிவிட்டேன். குழாயில் நிறம் பிரமாதம். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் செல் முழுக்க மங்கலாக ஒளிர்கிறது, நான் பார்க்க நினைத்த மைக்ரோடியூபூல் (செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்) ஒன்றுகூடத் தெரியவில்லை. அடுத்த முறை சாயத்தை இரண்டு மடங்காக்கலாமா?"

வேண்டவே வேண்டாம். முதலில் புட்டியோடு வந்த தாளை எடுத்து, அதில் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் அல்புமின் புரதம்) என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள்.

இந்தச் சாயத்துக்கு ஆன்டிபாடி எது, அல்புமின் எது என்று தெரியாது, லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமீன் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபாடி கெடாமலிருக்க விற்பவர்கள் 1% அல்புமின் கலந்திருப்பார்கள். 1% என்றால் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம், ஆன்டிபாடி அதில் 1 மில்லிகிராம் இருந்தாலே பெரிது, போதாததற்கு ஒவ்வொரு அல்புமினிலும் 59 லைசின். சாயத்தில் பெரும்பங்கு எங்கே போயிருக்கும், சொல்லுங்கள்? அப்புறம் அந்தச் சிவப்பு அல்புமின் செல்லெங்கும் ஒட்டிக்கொள்கிறது. சாயம் நீக்கும் காலம் இதைப் பிரிக்காது, அதைப் பொறுத்தவரை இரண்டும் பெரிய புரதம். புரத அளவைக் காட்டும் 280 நானோமீட்டர் ஒளி அளவீடும் இரண்டையும் சேர்த்தே காட்டும்.

என் எரிச்சல் விற்பவர்கள் மேல்தான். யாரோ தயாரித்ததை வாங்கி, தன் லேபிளை ஒட்டி விற்கும் இடைத்தரகரிடம் பஃபரில் (ஆன்டிபாடி கரைந்திருக்கும் கரைசலில்) என்ன இருக்கிறது என்று கேட்டால் "அது ரகசியம்" என்பார். அப்படிச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். அல்புமினும் ட்ரிஸும் இல்லாத புட்டி என்று எழுத்தில் கேளுங்கள் (ட்ரிஸ் என்பது பஃபரில் சேர்க்கும் பொருள், அதிலும் அமீன் உண்டு, அது சாயத்தைத் தின்றுவிடும்). ஆய்வுக் கட்டுரைகளும் இதில் உதவாது. "தயாரிப்பாளர் குறிப்புப்படி இணைத்தோம்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள், அதை மதிப்பீட்டாளர்களும் விட்டுவிடுகிறார்கள்.

புட்டி சுத்தமாக இருந்தும் இதே கதை என்றால் ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். சில ஆன்டிபாடிகளில் இலக்கைப் பிடிக்கும் இடத்திலேயே லைசின் இருக்கும். சாயம் அங்கே உட்கார்ந்தால் பிடிப்பு போய்விடும், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் போகும், சாயம் கூடக்கூட இன்னும் போகும். அப்போது லைசினை விட்டுவிட்டு, ஆன்டிபாடியின் நடுவே வளையும் கீல்பகுதியின் டைசல்ஃபைடு (கந்தக) பிணைப்புகளை டிசெப் (TCEP) என்ற வேதிப்பொருள் கொண்டு மெதுவாகத் திறந்து, பிஹெச் 7 அளவில் கந்தகத்தோடு பிணையும் மாலெய்மைடு சாயத்தை இணையுங்கள். அந்தப் பிணைப்புகள் பிடிக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கின்றன.

மற்றபடி வழக்கமான முறைதான்: பிஹெச் 8.3 பைகார்பனேட், சாயத்தை அந்த நேரத்தில் ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைப்பது, ஆன்டிபாடிக்கு 3 முதல் 5 சாயம். அதைத் தாண்டினால் சாயங்களே ஒன்றின் ஒளிர்வை ஒன்று மங்கச் செய்யும்.

இப்போது கையில் இருப்பதைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் எடுத்து, பிணைப்புகளை உடைத்து, புரதங்களை எடைப்படி பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டி, கூமாஸி (புரதத்துக்கு நீல நிறமேற்றும் சாயம்) போடும் முன்பே ஒளிர்வைப் பாருங்கள். 25, 50 கிலோடால்டனில் பட்டை தெரிந்தால் ஆன்டிபாடி, 66-க்குப் பக்கத்தில் தடிமனாகத் தெரிந்தால் அல்புமின், ஜெல்லின் அடியில் ஓடியது மிச்சச் சாயம்.