மணிக்கட்டில் ஊசி எதற்கு, விரல் கிளிப் போதாதா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, அடுத்த மாதம் பைபாஸ். மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஊசி போட்டு, ஆபரேஷன் முழுக்க ரத்தம் எடுத்து ஆக்ஸிஜன் பார்ப்போம் என்று மயக்க மருத்துவர் சொன்னதிலிருந்து பயந்துபோயிருக்கிறார். கொரோனா நேரத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாதிரி விரலில் மாட்டினால் போதாதா டாக்டர்?

பதில்: முதலில் அப்பாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள், குத்துவது பெரும்பாலும் ஒரே தடவைதான். மரத்துப்போகும் ஊசி போட்டோ மயங்கிய பிறகோ மெல்லிய குழாய் ஒன்றை வைத்துவிடுவார்கள். அப்புறம் எத்தனை முறை எடுத்தாலும் அதன் வழியாகத்தான், தடவைக்கு ஒன்றிரண்டு மில்லி. ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி காட்டுவதும் அதே குழாய்தான்.

விரல் கிளிப்பையும் மாட்டுவார்கள். ஆனால் அது நாடித்துடிப்பை நம்பியிருக்கும் கருவி. ஜப்பானில் டகுவோ அவோயாகி 1970களில் பிடித்த சூட்சுமமே அதுதான்: ஒவ்வொரு துடிப்புக்கும் வந்துபோகிற ரத்தம் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பது. இதயத்தை நிறுத்தி, இதயம் நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் ஹார்ட்-லங் மெஷினுக்கு மாற்றியதும் ரத்தம் பெரும்பாலும் துடிப்பில்லாமல் ஓடும், கிளிப் கணக்குப் போட எதுவும் இருக்காது. மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு அளக்கும் மானிட்டரும் அப்போது உதவாது, ஏனென்றால் நுரையீரல் வழியாக ரத்தமே போவதில்லை. மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நேரத்தில் இரண்டுமே கைவிட்டுவிடும்.

கிளிப் 100 சதவீதம் என்று காட்டினாலும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 100 மி.மீ. பாதரசமா 400ஆ என்று அதற்குத் தெரியாது. அமிலத்தன்மையும் தெரியாது. கார்பன் டை ஆக்ஸைடு அழுத்தம் அதே அளவையில் 35க்கும் 45க்கும் இடையில் இருக்க வேண்டும், ரொம்ப இறங்கினால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். இதையெல்லாம் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் நம்பிச் சொல்ல முடியும்.

ஊசியில்லாத கருவிகளில் எனக்குப் பெரிய மதிப்பு உள்ளது நெற்றியில் ஒட்டி மூளையில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் மூளை ஆக்ஸிமீட்டர். அதற்குத் துடிப்பு வேண்டாம், மெஷின் ஓடும்போதும் வேலை செய்யும். தொடக்கத்தில் இருந்த அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் உடனே தலை திரும்பியிருக்கிறதா, ரத்த அழுத்தம் குறைந்ததா, ஹீமோகுளோபின் போதுமா என்று தேட ஆரம்பிப்போம். எங்கோ குறைகிறது என்று சீக்கிரம் சொல்லும், ஏன் என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். எல்லா ஆபரேஷனுக்கும் இதை வைப்பதில்லை. அப்பாவுக்கு முன்பு பக்கவாதமோ கழுத்து ரத்தக்குழாயில் அடைப்போ இருந்தால், இது உண்டா என்று அவசியம் கேளுங்கள்.

இதயத்தை நிறுத்தாமலேயே பைபாஸ் செய்வதும் நம் ஊரில் நிறைய நடக்கிறது. அதில் கிளிப் ஓரளவு கைகொடுக்கும், ஆனாலும் இதயத்தைத் தூக்கிப் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று விழும் என்பதால் மணிக்கட்டுக் குழாய் அங்கேயும் வேண்டும்.

ஆபரேஷன் அன்று விரலில் மருதாணி வேண்டாம், நெற்றியில் எண்ணெய், விபூதி இருந்தால் துடைத்துவிடுங்கள், ஸ்டிக்கர் சரியாக ஒட்டாது.