விக்டரி கப்பலுக்கு என்ன நிறம்?

வணக்கம் ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்க மறுக்கிறது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் போர்க்கப்பலான விக்டரியை 1:98 அளவில் செய்யும் மர கிட் ஒன்று வாங்கிவிட்டேன். பெட்டிப் படத்தில் கப்பல் கடுகு மஞ்சள். சில வருடங்களுக்கு முன், அசல் கப்பல் இருக்கும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் போன என் மகள் எடுத்த படத்தில் கிட்டத்தட்ட இளஞ்சிவப்பு. எதை நம்புவது? கிட்டில் வந்த பித்தளை ஆணிகளைப் பலகையில் அடிக்கலாமா? பாய் கட்ட வேண்டுமா? நூறு சதவீதம் வரலாற்றுப்படி இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நிறத்தில் உங்கள் மகள் கட்சிதான் நானும். பழைய பூச்சுகளின் அடுக்குகளை ஆராய்ந்துவிட்டு, 2015-ல் விக்டரிக்கு வெளிறிய இளஞ்சிவப்பு கலந்த மஞ்சளை அடித்தார்கள். 1805-ல் இருந்த நிறம் அதுதான் என்பது ஆய்வின் முடிவு. அதுவரை பல பத்தாண்டுகள் அழுத்தமான மஞ்சளைப் பார்த்துப் பழகியவர்கள் முகம் சுளித்தார்கள். உங்கள் பெட்டி அந்தப் பழைய காலத்துப் பெட்டி, அவ்வளவுதான்.

சரி, நூறு சதவீதம் என்கிறீர்கள். எந்த விக்டரிக்கு? 1765-ல் சாத்தம் கப்பல்தளத்தில் தண்ணீரில் இறங்கியபோது முகப்பில் பெரிய, ஆடம்பரமான சிற்பம் இருந்தது. அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு வந்தது 1780-ல்தான். 1800 முதல் 1803 வரை நடந்த பெரிய பழுதுபார்ப்பில் பின்புறத்தின் திறந்த மாடங்களை மூடினார்கள். பழைய சிற்பம் போய், அரச முத்திரையை இரண்டு குழந்தை தேவதைகள் தாங்கும் சின்னச் சிற்பம் வந்தது. இதில் பாதி, அதில் பாதி எடுத்துச் செய்தால், எந்த நாளிலும் கடலில் மிதக்காத ஒரு கப்பல்தான் கிடைக்கும். ஆகவே ஒரு தேதியை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு 1805 அக்டோபர் 21, பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களோடு நெல்சன் மோதிய டிராஃபல்கர் போர் நாள்.

தேதி முடிவானால் சின்ன விஷயங்களுக்குக்கூட விடை கிடைத்துவிடும். பல துண்டுகளைச் சேர்த்துச் செய்த கீழ்ப் பாய்மரங்களை இறுக்கிப் பிடிக்க இரும்பு வளையங்கள் உண்டு. எதிரிக் கப்பல்களின் வளையங்கள் கறுப்பு. புகைக்குள் தன் கப்பல் எது, எதிரியுடையது எது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, தன் கப்பல்களின் வளையங்களுக்கு மஞ்சள் அடிக்கச் சொன்னார் நெல்சன். எனவே கறுப்பு வேண்டாம். பீரங்கி வாசல் கதவுகளின் வெளிப்பக்கம் மட்டும் கறுப்பு. மூடினால் கப்பலின் பக்கவாட்டில் ஓடும் மஞ்சள் பட்டையில் சதுரங்கக் கட்டம் தெரியும்.

ஆணிக்கு வருவோம். 1 மில்லிமீட்டர் தலையுள்ள ஆணியை 98-ஆல் பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர்! அசல் கப்பலில் கட்டைவிரல் தடிமனுள்ள மர ஆணிகள் இருந்த இடத்தில் நீங்கள் சாப்பாட்டுத் தட்டு அளவு வேண்டாம், டவராத் தட்டு அளவில் பித்தளை பதிக்கிறீர்கள். பசை போட்டு ஒட்டுங்கள். பசை காயும்வரை பிடித்துக்கொள்ள ஆணியை அடித்து, அப்புறம் பிடுங்கிவிடுங்கள். செம்புத் தகடுகளில் கிட்காரர்கள் புடைப்பாகப் போடும் பொட்டுகளும் இதே கதைதான். அசலில் ஆணித்தலை தகட்டோடு படிந்திருக்கும்.

பாய் கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. கிட்டில் வரும் துணியின் இழை 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அசல் அளவில் அது 2 சென்டிமீட்டர் கயிறு. கயிற்றுப்பாயை விரித்துக்கொண்டா நெல்சன் போருக்குப் போனார்? பாயில்லாமல் விட்டால் கயிறுகளின் வேலைப்பாடு நன்றாகத் தெரியும். பாய் இருந்தே ஆக வேண்டும் என்றால், மெல்லிய தாளில் செய்து, குறுக்குமரங்களோடு சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்கு இப்போதே ஆசாரியிடம் சொல்லிவைத்துவிடுங்கள். முன்நீட்டு மரத்தையும் சேர்த்தால் கப்பல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் வரும். கயிறுகளுக்கு நடுவே தூசு படிந்தால் துடைக்க வழியில்லை.